‘மாதம் இரண்டு முறை’ என்று மட்டும் எழுதிக்கொள்ளாதீர்கள்

“எதிர்மனுதாரர் மாதம் இரண்டு முறை குழந்தையைப் பார்த்துக்கொள்ளலாம்.” குடும்ப நல நீதிமன்றத்துக்கு வருஷக்கணக்கில் அலைந்து, சமரச மையத்தில் நாலைந்து முறை உட்கார்ந்து எழுந்து, கடைசியில் இரு தரப்பும் சேர்ந்து தாக்கல் செய்யும் கூட்டு மெமோவில் இந்த ஒரு வரியை எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிற பிரிந்த தம்பதிகள் ஏராளம். வழக்கு முடிந்துவிட்டது என்று நினைப்பார்கள். அடுத்த மாதமே தகராறு வரும். எந்த இரண்டு நாள்? எத்தனை மணிக்கு? யார் கொண்டுவந்து விடுவது? வீட்டுக்குக் கூட்டிப்போகலாமா, பூங்காவில் உட்காரவைத்துப் பேசிவிட்டு அனுப்ப வேண்டுமா? பாட்டியும் தாத்தாவும் கூட வரலாமா? உத்தரவில் எதற்கும் பதில் இல்லை. எதையும் சொல்லாத உத்தரவை மீறிவிட்டார்கள் என்று நிரூபிக்க முடியாது. நிரூபிக்க முடியாததை நிறைவேற்றித் தரச்சொல்லி மனுப் போட்டும் பயனில்லை.

சந்திப்பு எந்த வகை, எப்படி நடக்க வேண்டும், அதன் விவரம் என்ன என்பதையெல்லாம் நீதிமன்றங்கள் தெளிவாக வரையறுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020 ஜனவரியில் ஒரு தீர்ப்பில் சொல்லியிருக்கிறது. கஸ்டடி (குழந்தையைத் தன்னிடம் வைத்து வளர்க்கும் உரிமை) இல்லாத தாயோ தகப்பனோ குழந்தையோடு தினமும் 5 முதல் 10 நிமிடம் பேச வழி வேண்டும் என்பதும் அதே தீர்ப்பில்தான். ஆனால் மேஜையில் கட்டுக்கட்டாக வழக்கை வைத்திருக்கும் நீதிபதிக்கு உங்கள் மகளுக்குச் சனிக்கிழமை காலை பரதநாட்டிய வகுப்பு இருப்பது தெரியாது. இரு தரப்பும் எழுதிக் கொடுப்பதுதான் பெரும்பாலும் உத்தரவாகிறது. அதனால் எழுதும்போதே கவனமாக எழுத வேண்டும்.

அதற்கு முன்னால், எங்கே மனுப் போடுவது என்று பார்த்துவிடலாம். விவாகரத்து வழக்கு ஏற்கெனவே நடந்தால் இந்து திருமணச் சட்டம் பிரிவு 26இன் கீழ் அதே நீதிமன்றத்தில் இடைக்கால மனு போதும். கிறிஸ்தவர்களுக்கு 1869ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டத்திலும், பதிவுத் திருமணம் செய்தவர்களுக்குச் சிறப்புத் திருமணச் சட்டம் பிரிவு 38இலும் இதேபோல வழி உண்டு. விவாகரத்து வழக்கு எதுவும் இல்லை, குழந்தை விஷயம் மட்டும்தான் என்றால் 1890ஆம் ஆண்டு காப்பாளர் மற்றும் காப்புக்குரியோர் சட்டத்தின் கீழ் தனி மனு. நீதிமன்ற வட்டாரத்தில் ஜி.டபிள்யூ.ஓ.பி. என்பார்கள். குடும்ப வன்முறைச் சட்ட வழக்கு நடந்தால் மாஜிஸ்திரேட்டே பிரிவு 21இன் கீழ் தற்காலிகக் கஸ்டடி தரலாம். சந்திப்பு குழந்தைக்குத் தீங்காகும் என்று தெரிந்தால் அதை அவர் மறுக்கவும் வேண்டும்.

இதில் பலர் வழுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. ஜி.டபிள்யூ.ஓ.பி. போட வேண்டிய ஊர், குழந்தை வழக்கமாக வசிக்கும் ஊர். மனுப் போடுகிறவர் இருக்கும் ஊர் அல்ல. கல்யாணம் நடந்த ஊரும் அல்ல. குழந்தை ஒரு வருடமாகத் திருநெல்வேலியில் அம்மாச்சி வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் போகிறது, அப்பா கோயம்புத்தூரில் மனுப் போடுகிறார் என்றால் முதல் ஆட்சேபமே அதிகார வரம்பு பற்றித்தான் வரும். அதிலேயே பல வாய்தா போய்விடும். மனுவுக்கு முந்தின வாரம் குழந்தையை அவசரமாக ஊர் மாற்றிவிட்டு ‘இதுதான் வசிக்கும் ஊர்’ என்று சொன்னாலும் நீதிமன்றம் எளிதில் ஏற்காது. சென்னைக்கு மட்டும் தனிக்கதை. அங்கே குடும்ப நல நீதிமன்றமும் உண்டு, உயர் நீதிமன்றத்தின் அசல் அதிகார வரம்பும் உண்டு. இந்த அதிகாரம் குடும்ப நல நீதிமன்றச் சட்டம் வந்ததால் போய்விடவில்லை என்று 2022இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் ஐவர் அமர்வு பெரும்பான்மையாகத் தீர்ப்பளித்தது.

எந்த மனுவானாலும், அசல் மனுவோடு அன்றைக்கே இடைக்காலச் சந்திப்பு கேட்டு ஒரு ஐ.ஏ. (இடைக்கால மனு) போட்டுவிட வேண்டும். அசல் வழக்கு முடிய எவ்வளவு நாளாகும் என்று யாராலும் சொல்ல முடியாது. மூன்று வயதுக் குழந்தை ஒருவரை எட்டு மாதம் பார்க்காமல் இருந்தால், ஒன்பதாவது மாதம் அவரைப் பார்த்து அழும். அந்த அழுகையே பிறகு எதிர்தரப்பின் சாட்சியமாகிவிடும்.

இப்போது உத்தரவின் வரிகளுக்கு வருவோம்.

நாள்: ‘மாதம் இருமுறை’ வேண்டாம். ‘ஒவ்வொரு மாதமும் முதல் மற்றும் மூன்றாம் ஞாயிறு காலை 10 மணி முதல் மாலை 5 மணி வரை’ என்று இருக்கட்டும். சனிக்கிழமை என்று எழுதினால் வம்பு. சில பள்ளிக்கூடங்களுக்கு அது வேலை நாள்; பத்தாவதுக்குப் போய்விட்டால் சிறப்பு வகுப்பு. ஐந்தாவது ஞாயிறு வரும் மாதத்தில் அது யாருக்கு என்பதையும் எழுதிவிடுங்கள். சின்ன விஷயம்தான், ஆனால் இதற்காகவே வாட்ஸ்அப்பில் நூறு செய்தி பறக்கும்.

படிப்படியாக: குழந்தைக்கு ஐந்து வயது ஆகவில்லை, கொஞ்ச காலமாகச் சந்திப்பும் இல்லை என்றால் எடுத்த எடுப்பில் முழு நாள் கேட்பது புத்திசாலித்தனம் அல்ல, கிடைக்கவும் கிடைக்காது. இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டம் பிரிவு 6படி ஐந்து வயது நிறையாத குழந்தை சாதாரணமாகத் தாயிடம்தான் இருக்க வேண்டும். அதனால் முதல் நான்கு வாரம் வாரம் ஒரு முறை, நீதிமன்ற வளாகத்திலுள்ள குழந்தைகள் மையத்திலோ இருவரும் ஒப்பும் பொது இடத்திலோ இரண்டு மணி நேரம்; அடுத்த எட்டு வாரம் வெளியே கூட்டிப்போய் நான்கு மணி நேரம்; அதன்பின் ஞாயிறு முழுப் பகல்; ஆறு மாதம் கழித்து ஓர் இரவு தங்கல். இப்படிப் படி வைத்து எழுதினால் ஒவ்வொரு கட்டத்துக்கும் புது மனுப் போட வேண்டியதில்லை. ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குப் போக என்ன நிபந்தனை என்பதையும் சேர்க்க வேண்டும்: ‘முந்தைய கட்டத்தில் நான்கில் மூன்று சந்திப்பாவது நடந்திருந்தால்’ என்பது போல. இது இல்லாவிட்டால், வராமலேயே இருந்துவிட்டு ஆறாம் மாதம் வந்து இரவு தங்கல் கேட்கும் ஆட்களும் உண்டு.

இடமும் ஒப்படைப்பும்: சண்டை அதிகம் நடப்பது சந்திப்பில் அல்ல, கைமாற்றும் அந்தப் பத்து நிமிடத்தில்தான். வீட்டு வாசலில் வைத்துக்கொள்ளாதீர்கள். அக்கம்பக்கம் வேடிக்கை பார்க்கும், மாமனார் வெளியே வருவார், பழைய கணக்கு கிளம்பும். நடுவான இடம் ஒன்றைப் பெயர் சொல்லி எழுதுங்கள். கேமரா உள்ள கடைவாசல், மெட்ரோ நிலைய நுழைவாயில் போன்றவை நல்லவை. யார் கொண்டுவருவது, யார் திரும்ப அழைத்துப்போவது, தாமதத்துக்கு எத்தனை நிமிடம் பொறுப்பது என்பது வேண்டும். அரை மணி நேரம் நியாயமானது. தாய் தகப்பன் தவிர வேறு யார் ஒப்படைக்கலாம் என்று இருவர் பெயரைக் குறிப்பிட்டுவிட்டால், ஒருவருக்குக் காய்ச்சல் என்றாலும் சந்திப்பு நின்றுபோகாது. பள்ளிக்கூட வாசலில் போய் அழைத்துக்கொள்வதை மட்டும் உத்தரவில் வெளிப்படையாக இல்லாவிட்டால் செய்யாதீர்கள். உரிமை இருக்கிறது என்று நினைத்துச் செய்கிற இந்த ஒரு காரியம் பலருக்கு வழக்கையே திருப்பிப் போட்டிருக்கிறது.

பண்டிகை: தீபாவளி என்பது உண்மையில் ஒரு காலைப்பொழுது. எண்ணெய்க் குளியல், புதுத்துணி, பட்டாசு எல்லாம் பத்து மணிக்குள் முடிந்துவிடும். ‘தீபாவளியன்று பாதி நாள்’ என்று எழுதினால் மதியத்துக்குப் பிறகு கிடைத்தவருக்கு வெறும் குப்பைதான் மிச்சம். ஒற்றைப்படை வருடம் ஒருவருக்கு, இரட்டைப்படை வருடம் மற்றவருக்கு, அதுவும் முதல் நாள் மாலை 6 மணியிலிருந்து என்று எழுதுவதே சரி. பொங்கலைப் பங்கு போடுவது எளிது: போகியும் பொங்கலும் ஒருவருக்கு, மாட்டுப் பொங்கலும் காணும் பொங்கலும் மற்றவருக்கு, அடுத்த வருடம் மாற்றி. கிறிஸ்துமஸ், ரம்ஜான், குலதெய்வக் கோயில் கொடை, குழந்தையின் பிறந்தநாள் எல்லாவற்றுக்கும் இதே கணக்கு. காலாண்டு, அரையாண்டு விடுமுறையைச் சரிபாதி பிரிக்கலாம். முழு ஆண்டு விடுமுறையில் சின்னக் குழந்தையைத் தொடர்ந்து ஒரு மாதம் ஒருவரிடம் விடுவதைவிடப் பத்துப் பத்து நாளாக மாற்றுவது நல்லது.

போன்: ‘வீடியோ காலில் பேசலாம்’ என்றால் யாருடைய போனில்? தாயின் எண்ணுக்கு அழைத்தால் அவர் எடுக்க வேண்டும். எடுத்தாலே இருவருக்கும் வாக்குவாதம். குழந்தைக்கென்று ஒரு டேப்லெட்டோ பழைய போனோ ஒதுக்கி, அந்த எண்ணுக்கு இரவு 7.30 முதல் 7.45 வரை என்று எழுதிக்கொள்ளுங்கள். தவறிய அழைப்புக்கு மறுநாள் ஈடு. அழைப்பின்போது பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுப்பது கூடாது. குழந்தையிடம் ‘அம்மா எங்கே போனா, யார் வந்தா’ என்று துருவுவதும் கூடாது. வெளிநாட்டில் இருப்பவர் என்றால் இந்திய நேரம் என்று கட்டாயம் குறிப்பிட வேண்டும்.

பள்ளிக்கூடமும் மருத்துவமும்: இருவர் பெயரும் எண்ணும் பள்ளிப் பதிவேட்டில் இருக்க வேண்டும். மதிப்பெண் அட்டையும் பெற்றோர் கூட்ட அறிவிப்பும் இருவருக்கும் போக வேண்டும். மாற்றுச் சான்றிதழ் வாங்குவதென்றால் மற்றவருக்கு எழுத்தில் முன்னறிவிப்பு வேண்டும். அறுவை சிகிச்சை, ஆஸ்பத்திரியில் சேர்ப்பது போன்றவற்றை எத்தனை மணி நேரத்துக்குள் தெரிவிப்பது என்பதற்கும் ஒரு வரி. ஒவ்வாமை உள்ள குழந்தை, இன்ஹேலர் வைத்திருக்கும் குழந்தை என்றால் மருந்துப் பையும் குழந்தையோடு கைமாற வேண்டும் என்று எழுதத் தயங்காதீர்கள்.

தவறிய சந்திப்பு: இதற்கு வரி இல்லாத உத்தரவு ஓட்டைக் குடம். காய்ச்சல் என்றால் முந்தின நாள் இரவு 8 மணிக்குள் செய்தியும் மருத்துவர் சீட்டும். அதற்கு ஈடாக அடுத்த ஞாயிறு. வருகிறவர் சொல்லாமல் மூன்று முறை தொடர்ந்து வராவிட்டால் என்ன என்பதையும் சேர்க்கலாம். உடுத்திக் கிளப்பி உட்காரவைத்த பிள்ளை வாசலையே பார்த்துக்கொண்டிருப்பது அதற்குப் பெரிய தண்டனை. சந்திப்பு தவறுவது எப்போதும் கஸ்டடி வைத்திருப்பவரின் தவறாகவே இருப்பதில்லை.

“குழந்தையே வரமாட்டேன் என்கிறது, நான் என்ன செய்ய?” இந்தப் பதில் பாதி வழக்குகளில் வரும். சில நேரம் அது உண்மை, சில நேரம் சொல்லிக்கொடுத்த பாடம். வித்தியாசம் பெரும்பாலும் சொற்களில் தெரிந்துவிடும். ஏழு வயதுப் பிள்ளை ‘அவர் ஜீவனாம்சம் தரல, கேரக்டர் சரியில்ல’ என்று பேசினால் அது அந்தப் பிள்ளையின் மொழி அல்ல. ஆலோசகர்களும் தனியறையில் பேசும் நீதிபதிகளும் இதைக் கவனிக்கத்தான் செய்கிறார்கள். சுயமாக யோசித்து விருப்பம் சொல்லும் வயது வந்த குழந்தையின் விருப்பத்தைக் கணக்கில் எடுக்கலாம் என்கிறது 1890ஆம் ஆண்டுச் சட்டம் பிரிவு 17. வயதுக்கு எண் எதுவும் போடவில்லை. அந்த விருப்பமும் பல காரணிகளில் ஒன்றுதான். உண்மையாகவே பயப்படுகிற குழந்தையைக் கையைப் பிடித்து இழுத்துக் காரில் ஏற்றுவதால் ஒன்றும் ஜெயிக்க முடியாது. ஆலோசகர் முன்னிலையில் சில சந்திப்பு கேட்டு மனுப் போடுவதே வழி. அடியோ, குடியோ, வேறு ஆபத்தோ உண்மையில் இருந்தால் கண்காணிப்போடு மட்டுமே சந்திப்பு என்று கேளுங்கள். சந்திப்பே வேண்டாம் என்று கேட்பதைவிட அதைக் காரணத்தோடும் ஆதாரத்தோடும் கேட்கும்போது நீதிமன்றம் நம்புகிறது.

உத்தரவு மீறப்பட்டால் முதலில் செய்ய வேண்டியது, குறித்த நேரத்தில் குறித்த இடத்தில் போய் நிற்பது. ‘எப்படியும் அனுப்ப மாட்டார்கள்’ என்று வீட்டிலேயே இருந்துவிட்டால் மீறல் என்று சொல்ல வழியில்லை. மையத்தில் பதிவேடு இருந்தால் கையெழுத்துப் போடுங்கள். இல்லையென்றால் ‘10.05க்கு வந்துவிட்டேன், காத்திருக்கிறேன்’ என்று ஒரு செய்தி, 10.40க்கு ஒன்று. கோபமோ வசையோ வேண்டாம். அந்தச் செய்தியை நாளை நீதிபதி படிப்பார் என்று நினைத்தே எழுதுங்கள். வழக்கு நிலுவையில் இருந்தால் அதே வழக்கில் இடைக்கால மனு. இறுதி உத்தரவு வந்துவிட்டதென்றால் நிறைவேற்று மனு. உரிமையியல் நடைமுறைச் சட்டம் ஆணை 21 விதி 32இல் சிவில் சிறையும் சொத்து ஜப்தியும் வரை வழி இருக்கிறது. வேண்டுமென்றே மீறியதற்கு நீதிமன்ற அவமதிப்பு நடவடிக்கையும் உண்டு. மீறல் நடந்து ஒரு வருடத்துக்குள் எடுக்க வேண்டும். போலீஸ் நிலையத்துக்கு ஓடுவதில் பெரிய பலன் கிடையாது. தாயிடமோ தகப்பனிடமோ இருக்கும் குழந்தையைக் கடத்தல் என்று பதிவு செய்ய அவர்கள் தயங்குவார்கள். குழந்தை சட்டவிரோதமாகப் பிடித்து வைக்கப்பட்டிருக்கிறது என்றால் உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடலாம் என்று உச்ச நீதிமன்றம் 2019இலும் உறுதி செய்தது. ஆனால் விரிவான சாட்சி விசாரணை தேவைப்படும் வழக்கைக் குடும்ப நல நீதிமன்றத்துக்கே போகச் சொல்லிவிடுவார்கள்.

பணத்தையும் சந்திப்பையும் ஒன்றோடொன்று முடிச்சுப் போடுவதுதான் எல்லாவற்றிலும் கெட்ட பழக்கம். ‘பணம் வரல, பிள்ளையைக் காட்ட மாட்டேன்.’ ‘பிள்ளையைக் காட்டல, பணம் கட்ட மாட்டேன்.’ இரண்டுமே நீதிமன்றத்தில் நிற்காது. ஒன்றுக்கு ஒன்று விலை கிடையாது. இதைவிட மோசமான பேரம் பரஸ்பர விவாகரத்தில் நடக்கும்: அவர் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுப்பார், இவர் குழந்தைக்குப் பணமே வேண்டாம் என்று எழுதிக்கொடுப்பார். பராமரிப்பு குழந்தையின் உரிமை. தாய் கையெழுத்துப் போட்டு அதைத் தள்ளுபடி செய்ய முடியாது. நாலு வருடம் கழித்துக் குழந்தை சார்பில் மனு வரும்போது ‘அன்றைக்கே எல்லாம் பேசி முடித்துவிட்டோமே’ என்ற வாதம் எடுபடாது.

பராமரிப்புக்கு 2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் பிரிவு 125க்குப் பதிலாகப் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா பிரிவு 144. உச்ச நீதிமன்றத்தின் 2020 நவம்பர் 4 தீர்ப்புக்குப் பிறகு இரு தரப்பும் சொத்து, வருமானம், கடன் எல்லாம் காட்டிப் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தாக வேண்டும். விவசாயம் சார்ந்தவர்களுக்குத் தனிப் படிவம். தொகையும் மனுப் போட்ட தேதியிலிருந்தே கணக்கு. சம்பளச் சீட்டு, மூன்று வருட வருமான வரிக் கணக்கு, வங்கிக் கணக்கு அறிக்கை இவற்றோடு குழந்தையின் செலவையும் வரிவரியாக எழுதுங்கள்: பள்ளிக் கட்டணம், வேன், ட்யூஷன், சீருடை, மருந்து, வீட்டு வாடகையில் குழந்தையின் பங்கு. ‘மாதம் 25,000 வேண்டும்’ என்ற மொட்டை எண்ணை வெட்டுவது எதிர் வக்கீலுக்குச் சுலபம். ரசீதோடு வந்த எண்ணை வெட்டுவது கடினம். பாக்கி வசூல் மனுவை, தொகை கட்ட வேண்டிய நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் போட வேண்டும். இதைத் தெரியாமல் மூன்று வருடப் பாக்கியைச் சேர்த்து வைத்துக் கேட்டுப் பெரும்பகுதியைக் கோட்டை விடுகிறவர்கள் உண்டு. கட்டாதவர் பாக்கிக்காகச் சிறை போய் வந்தாலும் கடன் அப்படியே நிற்கும். கொடுப்பவருக்கு ஒரு சொல்: கையில் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். வங்கி வழியாக, எந்த மாதத்துக்கு என்ற குறிப்போடு அனுப்புங்கள். பள்ளிக் கட்டணத்தை நேரே பள்ளிக்குக் கட்டினால் அது பராமரிப்பில் கழியுமா, தனியா என்பதை உத்தரவிலேயே எழுதிவிடுங்கள்.

வீடு மாறுவது, ஊர் மாறுவது இன்னொரு கண்ணிவெடி. 60 நாள் முன்னறிவிப்பு என்று ஒரு வரி போதும். குழந்தையின் பாஸ்போர்ட்டுக்கு இருவர் சம்மதம் இருந்தால் விண்ணப்பத்தோடு வைக்கும் உறுதிமொழிப் படிவம் அனெக்சர் டி. ஒருவர் தராவிட்டால் அனெக்சர் சி. சந்தேகம் இருக்கும் வழக்கில் பாஸ்போர்ட்டை நீதிமன்றத்தில் ஒப்படைத்து, பயணத்துக்கு மட்டும் அனுமதி பெற்று வாங்கிக்கொள்ளும் ஏற்பாட்டைக் கேட்கலாம். அமெரிக்காவிலும் கனடாவிலும் இருக்கும் நம்மவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: குழந்தைக் கடத்தல் பற்றிய 1980ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையில் இந்தியா சேரவில்லை. அங்கே வாங்கிய கஸ்டடி உத்தரவைக் காட்டினால் இங்கே குழந்தையைத் தானாக அனுப்பிவிட மாட்டார்கள். அது ஒரு காரணியாகப் பார்க்கப்படும், குழந்தையின் நலனை இங்குள்ள நீதிமன்றம் தானே எடை போடும் என்பதே உச்ச நீதிமன்றத்தின் 2017 தீர்ப்பின் நிலைப்பாடு.

எழுதிய எதுவும் கல்லில் வெட்டியதல்ல. கஸ்டடி உத்தரவு இயல்பிலேயே மாற்றத்துக்கு உட்பட்டது என்று 1973இலேயே, சென்னையிலிருந்து போன ஒரு வழக்கில், உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நாலு வயதில் போட்ட அட்டவணை பதினொரு வயதில் பொருந்தாது. சூழ்நிலை மாறியதைக் காட்டி மனுப் போடலாம். குழந்தைக்கு 18 நிறையும் அன்று கஸ்டடியும் சந்திப்பும் தானாகவே முடிந்துவிடும். பணத்தில்தான் சிக்கல். பிரிவு 144 சாதாரணமாக 18 வயதோடு நின்றுவிடும். உடல் அல்லது மனக் குறைபாட்டால் தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாத பிள்ளைக்கு மட்டும் தொடரும். திருமணமாகாத, சொந்த வருமானம் இல்லாத இந்து மகளுக்கு 1956ஆம் ஆண்டுத் தத்தெடுப்பு மற்றும் பராமரிப்புச் சட்டம் பிரிவு 20 கைகொடுக்கும்; கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கும் மகனுக்கு அப்படி ஒன்று கிடையாது. அதனால் கூட்டு மெமோவில் கையெழுத்துப் போடும் முன், கல்லூரிக் கட்டணமும் விடுதிச் செலவும் யார் எத்தனை பங்கு, எந்தப் படிப்பு வரை என்ற வரி இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.